புலியும் நம் குடிநீரும்

இலுப்பூர் வட்டாரத்தில் புலி இல்லை. ஆயினும் புலியைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியமாகும். திருச்சிக்கருகே காவிரியிலிருந்து எடுக்கப்படும் நீர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் பலவற்றுக்கு வருகிறது. அக்காவிரிக்கு நீர் தரும் ஆறுகளுள் மோயாறும் ஒன்று. அது முதுமலை, சத்தியமங்கலம் புலிக்காடுகளின் வழியே ஓடிப் பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. ஆகவே நம் குடத்து நீருக்கும் புலிக்கும் உறவுண்டு.

புலியின் வாழ்க்கை

புலி தனித்து வாழும் விலங்கு. ஒவ்வொரு புலியும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். மரங்களில் நகத்தால் கீறியும், சிறுநீரைப் பீய்ச்சியும் அவ்வெல்லையைப் பிற புலிகளுக்கு உணர்த்தும். ஒரு புலியின் உடற்கோடுகள் மற்றொன்றுக்கு இரா. தானியங்கிக் காமிராக்களில் பதியும் இக்கோடுகளைக் கொண்டே புலிகளைக் கணக்கிடுகின்றனர்.

பெண்புலி ஏறத்தாழ மூன்றரை மாதம் கருவுற்றிருந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளை ஈனும். குட்டிகள் சுமார் இரண்டு ஆண்டுகள் தாயுடன் இருந்து வேட்டையைப் பழகும். புலிக்கு வாரத்திற்கு ஒரு மான் அளவு இரை வேண்டும். புள்ளிமானும் கடமானும் காட்டுப்பன்றியும் நிறைந்த காட்டில்தான் புலி நிலைத்திருக்கும்.

காட்டுக்குக் காவல்

மேயும் விலங்குகள் அளவின்றிப் பெருகினால் இளங்கன்றுகள் மரமாவதில்லை. புலி அவற்றை ஓர் அளவில் நிறுத்துகிறது. மரமும் சருகும் உள்ள நிலத்தில் மழைநீர் மெல்ல ஊறிக் கோடையிலும் ஓடையாகக் கசிகிறது. காடு மொட்டையானால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். வரத்து வாரியும் கண்மாயும் தூர்ந்து துன்புற்ற நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அழிவும் மீட்பும்

வேட்டையாலும் காடழிப்பாலும் புலிகள் அருகின. 1972-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் 1,827 புலிகளே இருந்தன. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் 3,682 புலிகள் உள்ளன, தமிழ்நாட்டில் 306. களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை ஆகிய ஐந்து காப்பகங்கள் நம் மாநிலத்தில் உள்ளன.

நஞ்சு தீர்வாகாது

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீலகிரியில் எமரால்டு அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. நஞ்சிடப்பட்ட மாட்டின் இறைச்சியை அவை தின்றிருந்தன. மாட்டின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். ஒரு மாட்டை இழந்தவரின் துயரம் சிறிதன்று. ஆனால் நஞ்சு, மாட்டை மீட்டுத் தரவில்லை. அவருக்கு வழக்கையே தேடித் தந்தது. புலியால் கால்நடை மாண்டால், உடலை அகற்றாமல் வனத்துறைக்குத் தெரிவித்து இழப்பீடு கோருவதே முறை.

நம் கடமை

இப்பாடம் நமக்கும் பொருந்தும். விராலிமலைப் பக்கத்து மயில்கள் நெல்லையும் கடலையையும் கொத்துவதால் விவசாயிகள் மனம் நோவது இயல்பே. எனினும் தானியத்தில் நஞ்சு கலந்து வைத்தால் மயிலோடு கோழியும் நாயும் மடியும். மயிலைக் கொல்வது குற்றமுமாகும். சேதத்தைப் பஞ்சாயத்தில் பதிவு செய்து, வனத்துறைக்கு எழுத்துமூலம் தெரிவிப்போம். கிராம சபையில் இதனைப் பேசுவோம். கண்மாயின் வரத்து வாரியை நாம் காப்பதுபோலவே, காவிரியின் வரத்து வாரியான மலைக்காட்டைப் புலி காக்கிறது. அதை வாழவிடுவது நம் நீரைக் காப்பதேயாகும்.