இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா? – வீட்டில் முதிய புற்றுநோயாளரைப் பராமரித்தல்

"இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று வைத்தியர் சொன்னதும், எல்லாம் முடிந்துவிட்டது என்றே பல குடும்பங்கள் எண்ணுகின்றன. நோயைக் குணமாக்கும் முயற்சி முடிந்திருக்கலாம். நோயாளரைப் பராமரிக்கும் பணி அவருடைய கடைசி மூச்சு வரை உண்டு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அம்மம்மாவின் புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. மூத்த மகன் காணியை ஈடு வைத்தாவது கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். மகள் இரவு பகலாக அருகிலிருந்து களைத்துவிட்டார். பேத்தி பாடசாலைக்குப் போய் ஒரு மாதமாகிறது. அம்மம்மாவிடம் எவரும் எதையும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. இவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. வேண்டியது தெளிவும் ஒழுங்குமே.

1. நோவைத் தணித்தல்

புற்றுநோய் வந்தால் நோவைத் தாங்கியே ஆகவேண்டும் என்பது தவறான எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 1986இல் எளிய முறையொன்றை வகுத்தது: மருந்தை இயன்றவரை வாய்வழியாக, குறித்த நேரம் தவறாமல், நோவின் கடுமைக்கு ஏற்பக் கொடுத்தல். நோ திரும்ப வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கடும் நோவுக்கு வைத்தியர் மோர்பீன் எழுதிக்கொடுத்தால், "அடிமையாகிவிடுவார்", "சாவு விரைவில் வரும்" என்று அஞ்சி அதைக் கொடுக்காமல் விடுவோர் உளர். வைத்தியர் குறித்த அளவில், நோவுக்காகக் கொடுக்கும்போது இவ்வாறு அஞ்சத் தேவையில்லை. ஆனால் மோர்பீன் மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே மலமிளக்கும் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். நீண்ட நேரம் வேலைசெய்யும் குளிசைகளை உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம்.

கால்கள் திடீரெனச் சோர்ந்துபோதல், சிறுநீர் வெளியேறாமை, கடும் இரத்தப்போக்கு ஆகியன தோன்றினால் உடனே வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும்.

2. உடலைப் பேணல்

• படுக்கையிலிருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிவந்துபோன தோலைத் தேய்க்க வேண்டாம்.
• வாயை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்து, உதடு காயாமல் பாருங்கள்.
• பசி குறைவது இந்நோயின் இயல்பு. உணவை வற்புறுத்தாமல், விரும்பியதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும்.

3. மனத்துக்குச் செவிகொடுத்தல்

1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், நோயாளரின் வேதனை உடலோடு நிற்பதில்லை என்று கற்பித்தார். மனம், குடும்ப உறவு, ஆன்மா ஆகியவற்றின் வேதனையும் அதில் சேர்ந்தே இருக்கிறது. பிரித்துக் கொடுக்காத காணி, பல ஆண்டுகளாகப் பேசாத தம்பி, வெளிநாட்டிலுள்ள மகன் ஆகிய இவையும் தூக்கத்தைக் கெடுக்கும்.

உண்மையை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். "உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு, அம்மா? என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். அவரவர் சமயப்படி மன்றாடவும் ஒப்புரவாகவும் வழிசெய்யுங்கள். கத்தோலிக்கராயின், நோயில்பூசுதலுக்கு நினைவு தப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

4. சுமையைப் பகிர்தல்

காணியை ஈடு வைக்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள்: "இச்சிகிச்சை குணப்படுத்துமா? ஆயுளை நீட்டுமா? நோவைத் தணிக்குமா?" அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து மக்கள் திரட்டிய நிதியால், 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வடக்கிலுள்ளோர் முதலில் அங்கே ஆலோசனை பெறலாம். இவற்றோடு அம்மம்மாவின் விருப்பத்தையும் கேட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து, யார் எந்த இரவு விழித்திருப்பது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்களின் பெயரும் அதில் இருக்கட்டும். மாதர் சங்கத்தினர் வாரம் இரு தடவை வந்து இருந்தால், மகள் சற்று உறங்கலாம். பேத்தி பாடசாலைக்குத் திரும்பலாம். பின்னேரத்தில் அவள் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதும் பராமரிப்பே.

கலந்துரையாடலுக்கு:

1. நம் கிராமத்தில் இவ்வாறான நோயாளர் உள்ள வீடுகள் எவை? அங்கு இரவில் விழித்திருப்பவர் யார்?
2. நோயாளரிடம் உண்மையை மறைப்பதால் யாருடைய அச்சம் குறைகிறது?
3. நம் சங்கம் அடுத்த வாரமே செய்யக்கூடிய உதவி ஒன்று என்ன?