மூத்திர வாடையும் பினாயில் பாட்டிலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியைக் கேட்டேன். முன்னறைக் கார்ப்பெட்டிலும் ஆயாவின் ஜமக்காளத்திலும் பூனை மூத்திரம் போகிறது, அம்மா பினாயில் ஊற்றித் துடைத்தும் வாடை போகவில்லை, இன்னொரு தடவை நடந்தால் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார் என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடிப்பதற்கு முன்னாலேயே ஒரு காரியம் செய்: அந்தப் பினாயில் பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடு.

கறுப்புப் பினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. நம் உடம்புக்குள் அவை கொஞ்சம் போனால் ஈரல் அவற்றை மாற்றி வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான என்சைம் ஒன்று இல்லை. நாம் தலைவலிக்குப் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடியதும் இதே காரணத்தால்தான். துடைத்த தரையில் அது நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். விஷம் வயிற்றுக்குள் போய்விடும். பைன் எண்ணெய் கலந்த வெள்ளைப் பினாயிலும் அதற்கு ஆகாது. ஜமக்காள மடிப்பில் வைக்கும் அந்துருண்டையும் ஆகாது. இவ்வளவும் செய்து பலனும் இல்லை. பினாயில் வாடை நம் மூக்கை மறைக்கிறதே தவிர, பூனை தன் பழைய இடத்தை அதற்கு அடியிலும் மோந்து கண்டுபிடித்துவிடும். மறுபடி அங்கேயே வந்து உட்காரும்.

நீ பத்தாம் வகுப்பில் வேதியியல் படிக்கிறாய், அதனால் காரணத்தையும் சொல்கிறேன். நம் வீட்டுப் பூனைகளின் மூதாதைகள் மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனைகள். தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பழகிய உடம்பு என்பதால் மூத்திரம் மிகவும் அடர்த்தியாக இறங்கும். அதில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா கிளம்புகிறது. மூக்கில் ஏறும் முதல் காரம் அதுதான், நாளடைவில் அது காற்றோடு போய்விடும். போகாமல் நிற்பது வேறொன்று. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அது மெதுவாகச் சிதைந்து தயோல் என்ற வகைப் பொருளைத் தருகிறது. நம் சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் கலக்கிறார்களே மெர்காப்டன், அதுவும் தயோல்தான். துளியிலும் துளி இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். காயடிக்காத ஆண்பூனையில் ஃபெலினைன் மிக அதிகம், பெண்பூனையில் குறைவு. காய்ந்த உப்புகள் நூலிழைக்குள் தங்கி, ஈரக்காற்று பட்டதும் மறுபடி வாடை விடும். வெயில் காலத்தில் போய்விட்டது என்று நினைத்தது ஐப்பசி மழைக்குத் திரும்பி வருவது அதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பாதி வெற்றி. தேய்க்கவே தேய்க்காதே, தேய்த்தால் உள்ளே இறங்கும். பழைய ஈரிழைத் துண்டை நாலாக மடித்து ஈரத்தின் மேல் போட்டு, குதிகாலால் ஏறி நில். முப்பது எண்ணிவிட்டு எடுத்துப் பார்த்தால் துணியில் மஞ்சள் வட்டம் தெரியும். துண்டைத் திருப்பி, காய்ந்த பக்கத்தை வைத்து மறுபடி நில். வட்டம் வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் துண்டு ஈரமே ஆகாத நிலை வரவேண்டும். பிறகு ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதே மாதிரி ஒற்றி எடு. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று பார்த்து வாழும் நம் கோலார் தங்க வயலில் குடம் குடமாக ஊற்றச் சொல்லமாட்டேன். இதற்கு அவ்வளவு தேவையும் இல்லை. வெந்நீர் மட்டும் வேண்டாம். சூடு பட்டால் மூத்திரத்தில் உள்ள புரதம் இழையோடு ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான்.

காய்ந்துபோன பழைய கறை என்றால் முதலில் இடத்தைக் கண்டுபிடி. கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று வைத்திருப்பார்கள், டார்ச்சு வடிவிலும் கிடைக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதை அடித்துப் பார்த்தால் மூத்திரம் போன இடம் மங்கலான மஞ்சள் பச்சையில் ஒளிரும். கார்ப்பெட்டைப் புரட்டியும் பார். மேலே உள்ளங்கை அளவு கறை இருந்தால் அடியில் சணல் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பாகப் படர்ந்திருக்கும். அதற்கும் கீழே சிமென்ட் தரை. அதுவும் உறிஞ்சும், அதையும் கழுவவேண்டும்.

மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேள். லேபிளில் 6 சதவீதம் என்று இருக்கும். அதில் 100 மில்லி எடுத்து அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகிவிடும். ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடாவும், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளிகளும் கலந்துகொள். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு, அது பீய்ச்சும் நாற்றமும் தயோல்தான். அந்த நாற்றத்தைப் போக்க பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993-ல் வெளியிட்ட கலவையை ஒட்டித்தான் இந்த அளவைச் சொல்கிறேன். பெராக்சைடு தயோலோடு ஆக்சிஜனைச் சேர்த்து, வாடை இல்லாத வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. பல நாட்டுத் தங்க ஆலைகளில் கழிவுநீரில் மிஞ்சும் சயனைடை முறிப்பதற்கும் இதே பெராக்சைடைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது நம் ஊர்ப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரப்பர் கையுறை போட்டுச் செய். கலவை அடிவரை இறங்கும்படி ஊற்றி, கால்மணி நேரம் விட்டு, ஒற்றி எடுத்துக் காயவிடு. மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடிவைக்காதே. வாயு கிளம்பி மூடி தெறிக்கும், கொட்டிவிடு. உன் வீட்டுக் கார்ப்பெட் நைலான் மாதிரி செயற்கை இழை என்றால் பெரும்பாலும் தாங்கும். கம்பளிக்கும் பட்டுக்கும் இது கூடாது. ஆயாவின் ஜமக்காளம் சாயம் போட்ட பருத்தி, பெராக்சைடு பட்டால் வெளுக்கலாம், சிவப்பு ஓடிப் பக்கத்துப் பட்டையில் ஏறலாம். ஒரு மூலையில் துளி விட்டுப் பார்த்து, நிறம் நின்றால் மட்டும் தொடு. நிற்காவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்து, அலசி, ஆப்பசோடா தூவி நிழலில் உலர்த்து. வினிகர் அமோனியாவைப் போக்கும், தயோலை அவ்வளவாகத் தொடாது. அதனால் இரண்டு மூன்று தடவை செய்யவேண்டி வரும். பெங்களூரில் செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் விற்கிறார்கள். கம்பளிக்கு ஆகுமா என்று மட்டும் லேபிளில் பார்த்துக்கொண்டால், விலை கூடினாலும் மென்மையான விரிப்புக்கு அதுதான் நல்லது. அதைத் தெளித்த இடம் பல மணி நேரம் ஈரமாக இருக்கவேண்டும். அதோடு வேறு எதையும் கலக்கக்கூடாது.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே. மூத்திர அமோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு வரும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் வருவது குளோரின். ஜன்னல் சின்னதாக இருக்கும் லைன் வீட்டில் இது விளையாட்டில்லை.

எனக்குக் கவலை தந்தது நீ கடைசியில் சொன்னது. பூனைக்குத் தொட்டி வைக்க, சயனைடு மேட்டிலிருந்து மண் அள்ளி வரலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னானாமே. வேண்டவே வேண்டாம் கண்ணு. மாவு மாதிரி மெத்தென்று இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அது நூறு வருஷத்துக்கு மேல் பாறையை இடித்துப் பொடியாக்கி, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு. பின்னாளில் சயனைடு கரைசலில் ஊறியும் வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் அப்படியே நிற்கின்றன. அந்தப் பொடியில் சிலிக்கா இருக்கிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக 1947-ல் கோலார் தங்க வயலிலிருந்துதான் பதிவானது. நம் குடும்பத்திலும் இருமி இருமி இளைத்துப்போன தாத்தா இருந்தார். பூனை தினம் காலால் பறித்துக் கிளப்பும் தூசி உன் நெஞ்சுக்குள் போகவேண்டாம். மரப்பட்டறைத் தூள், கிழித்த செய்தித்தாள், ஆற்று மணல் எது கிடைத்தாலும் போதும். அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் தொட்டியை வைத்துத் தினமும் அள்ளிச் சுத்தம் செய். அழுக்குத் தொட்டியைப் பூனை ஏறெடுத்தும் பார்க்காது, கார்ப்பெட்டைத்தான் தேடும்.

இனி அப்பாவுக்குப் படித்துக் காட்டவேண்டிய பகுதி. பூனை வன்மத்தால் இதைச் செய்வதில்லை. வாலைத் தூக்கி நடுக்கியபடி சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது எல்லை போடுகிறது என்று அர்த்தம். காயடித்துவிட்டால் பத்தில் ஒன்பது ஆண்பூனைகள் பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும், வாடையின் காரமும் இறங்கும். ஆனால் குந்தி உட்கார்ந்து, விரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நோயாக இருக்கலாம். பூனைக்கு நீர்ப்பை அழற்சி சாதாரணமாக வரும். வலித்த இடம் தொட்டி என்பதால் தொட்டியையே வெறுத்து, மெத்தென்ற இடம் தேடி வரும். மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் பயத்தைத்தான் வளர்க்கும். பயந்த பூனை இன்னும் கண்ட இடத்தில் போகும்.

உன் பூனை ஆண் என்றாய். அது முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுகூட வராமல் கத்தினால், மூத்திரக்குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். அப்படி ஆனால் ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இப்போதைக்கு அப்படி இல்லை என்றாலும், இந்த வாரமே அப்பாவோடு போய் ஒரு தடவை காட்டிவிட்டு, காயடிப்பதற்கும் நாள் கேட்டு வாருங்கள். அதுவரை சாக்கை எடுக்கவேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டதாக அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
அத்தை