பெண்கள் ஸ்ப்ளிட்போர்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ப்ளிட்போர்டு என்பது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. லிஃப்ட் இல்லாத பனிமலையில் இரு பாதிகளையும் இரு கால்களிலும் ஸ்கீ போல மாட்டி ஏறலாம். உச்சியில் ஒன்றாகப் பூட்டிச் சறுக்கி இறங்கலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருப்பெற்ற இந்தக் கருவியில், பெண்களுக்கான மாதிரிகள் பின்னர்தான் வந்தன. அவற்றைச் சோதித்து வாங்குவது குறித்துச் சில தவறான எண்ணங்கள் நிலவுகின்றன.

நம்பிக்கை: பெண்கள் பலகை என்பது ஆண்கள் பலகையின் குட்டை வடிவம், நிறம் மட்டுமே வேறு.

உண்மை: நல்ல மாதிரியில் நடுப்பகுதி குறுகலாகவும் பலகை எளிதில் வளைவதாகவும் இருக்கும். சிறிய பூட்ஸும் குறைந்த உடல் எடையும் அதற்குக் காரணம். பலகை அகலமானால் விளிம்பை அழுத்துவது கடினம். மிகக் குறுகினால் திருப்பத்தில் பூட்ஸ் நுனி பனியில் உரசும். ஆனால் பலகைக்கு ஆண், பெண் தெரியாது. பாதம் பெரிய பெண்ணுக்கு ஆண்கள் மாதிரியே பொருந்தக்கூடும். எடைக் கணக்கில் முதுகுப்பையும் சேரும்: 55 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ சுமந்தால், தயாரிப்பாளரின் அட்டவணையில் 65 கிலோவுக்கு உரிய அளவையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஓரிரு முறை சறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மை: மலைப் பயணத்தில் பெரும்பொழுது ஏறுவதில்தான் கழிகிறது, சறுக்கலை மட்டும் பார்ப்பது பாதிச் சோதனைகூட அல்ல. ஏறும்போது அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையின் மயிர்கள் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். பட்டை பனியில் நன்றாகப் படிந்தால்தான் இந்தப் பிடிப்பு. நுனிகள் அதிகம் மேல்நோக்கி வளைந்த பலகை புதுப்பனியில் மிதக்கும். செங்குத்தான தடத்தில் அதே பலகை பின்வாங்கலாம். இறுகிய பனி மூடிய மலைச்சாய்வைக் குறுக்கே கடப்பது இன்னும் கடினம். பிரிந்த பாதியும் சாதாரண ஸ்கீயைவிட அகலமானது. மேட்டுப்பக்க விளிம்பு பாதத்திலிருந்து தள்ளி நிற்கிறது. குறுகலான பெண்கள் பலகைக்கு இங்கே உண்மையான அனுகூலம் உண்டு. கையுறையோடு பலகையைப் பிரித்து, பூட்டி, பனி அடைத்த கொக்கிகளைத் துடைத்து மாட்டிப் பார்ப்பதும் சோதனையில் அடங்கும். கடையில் சுலபமாகத் தெரிந்த பூட்டு, குளிர்காற்றில் பொறுமையைச் சோதிக்கும்.

நம்பிக்கை: எடை குறைந்ததே சிறந்தது.

உண்மை: காலில் கட்டிய எடை முதுகுச் சுமையைவிட அதிகம் களைப்பூட்டும் என்பது சரி. ஆயினும் மிக இலேசான பலகை இறுகிய பனியில் அதிரும்.

நம்பிக்கை: சோதனை நாளுக்குப் பாதுகாப்புக் கருவிகள் தேவையில்லை.

உண்மை: பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன, சறுக்குவதற்கு விரும்பப்படுபவையும் அத்தகைய சாய்வுகளே. பனியில் புதைந்தவரைத் தேடி மீட்க உதவும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் சோதனை நாளிலும் உடன் இருக்க வேண்டும்.