உள்ளங்காலில் முடிச்சா? ஆணி என்று அறுக்காதீர்கள்!

“டாக்டர், உள்ளங்கால்ல புளியங்கொட்டை சைஸ்ல ஏதோ தட்டுப்படுது. ஆணின்னு நினைச்சு ஆறு மாசமா பிளாஸ்டர் ஒட்டுறேன். போகவே மாட்டேங்குது!”

எப்படிப் போகும்? அது ஆணியாக இருந்தால்தானே!

ஆணி என்பது தோலில் வருவது. அழுத்தம் படுகிற முன்பாதத்திலோ விரலிலோ தோல் தடித்துக் காய்த்துவிடும். மாறாக, பாதத்தின் உள்வளைவில், தோல் வழவழவென்று இருக்க, அடியில் கெட்டியாக முடிச்சு தட்டுப்பட்டால், அது ‘பிளான்ட்டர் ஃபைப்ரோமா’ என்ற அபூர்வமான நார்க்கட்டியாக இருக்கலாம்.

குதிகாலிலிருந்து விரல்கள் வரை, வில்லுக்கு நாண் கட்டியது போல ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அதிலுள்ள செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வரும் முடிச்சு இது. 1894-ல் இதை விவரித்த ஜெர்மன் சர்ஜன் ஜார்ஜ் லெடர்ஹோஸ் பெயரால் ‘லெடர்ஹோஸ் நோய்’ என்பார்கள். நடுத்தர வயது ஆண்களுக்கு அதிகம். சிலருக்கு இரண்டு பாதங்களிலும் வரும். உள்ளங்கை நார் தடித்து விரல் மடங்கிப்போகும் ‘டூப்யூட்ரன்’ கோளாறு உள்ளவர்களுக்கும் வருவதுண்டு.

புற்றுநோயா?

இல்லை. மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால், ‘சைனோவியல் சார்கோமா’ என்ற அபூர்வப் புற்றுநோயும் பாதத்தில் இதேபோல் சிறு கட்டியாக மெள்ள வளரக்கூடும். அதனால், கையால் தொட்டுப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். சீக்கிரம் பெருத்தாலோ, இரவிலும் வலித்தாலோ, மரத்துப்போனாலோ தாமதிக்கவே கூடாது. அல்ட்ரா சவுண்ட், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். சந்தேகம் இருந்தால் முதலில் பயாப்ஸி, பிறகுதான் ஆபரேஷன். ‘சின்னக் கட்டிதானே’ என்று அவசரமாக எடுத்துவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்தால் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

சிகிச்சை என்ன?

நார்க்கட்டி என்று உறுதியாகி, வலியும் இல்லையா? சும்மா விட்டுவிடலாம். நடக்கும்போது உறுத்தினால், முடிச்சு படும் இடத்தில் பள்ளம் வைத்த மெத்தென்ற செருப்பு அணியலாம். அதற்கும் கேட்காவிட்டால் ஊசி மருந்து. ஆபரேஷன் கடைசி வழிதான். காரணம், முடிச்சை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். உள்ளங்காலில் தழும்பும் உறுத்தும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: ஆணி பிளாஸ்டரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். உணர்ச்சி குறைந்த காலில் புண்ணானாலும் தெரியாது. பிளாஸ்டர், பிளேடு இரண்டையும் தூரப்போடுங்கள். முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள்!