பித்தப்பைக் கல்லும் நோன்பும்



புலால் உண்ணாத இல்லத்தில் பித்தப்பைக் கல் தோன்றாது என்று எண்ணுவோர் நம்மில் பலர். அஃது உண்மையன்று. காஞ்சியிலும், ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்திலும், பிற ஊர்களிலும் நோன்பு வழுவாது வாழும் குடும்பத்தார் இந்நோயைப் பற்றி அறிந்திருத்தல் நலம்.

உறுப்பும் பணியும்

பித்தப்பை, வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் கல்லீரலின் அடியில் அமைந்த சிறு பை. கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. அதில் ஒரு பகுதியை இப்பை வாங்கிச் செறிவாக்கி வைக்கும். நெய், எண்ணெய் கலந்த உணவு குடலை அடைந்ததும் பை சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றும். கொழுப்பு செரிக்க அது துணைபுரியும்.

கல் தோன்றும் விதம்

பித்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தாலும், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் நிறமி மிகுந்தாலும், பித்தம் நெடுநேரம் தேங்கினாலும் கல் உருவாகக்கூடும். வட இந்தியரிடம் கொலஸ்டிரால் கற்களே மிகுதி. தென்னிந்தியரிடம் நிறமிக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன. ஆதலின் நெய்யைக் குறைத்தல் ஒன்றே காப்பாகாது. பெண்கள், பல மகப்பேறு கண்டோர், உடல் பருத்தோர், நீரிழிவுடையோர், 40 வயதைக் கடந்தோர் ஆகியோர்க்குக் கல் தோன்றும் வாய்ப்பு கூடுதல்.

நோன்பு நோற்போர்க்கு

உண்ணாதபோது பை நன்கு சுருங்குவதில்லை; பித்தம் தேங்குகின்றது. அட்டமி, சதுர்த்தசியில் ஒருநாள் உபவாசம் இருப்பதால் கல் வந்துவிடும் என அஞ்ச வேண்டா. பல நாள் தொடர் உபவாசமும், அதனால் எடை விரைந்து குறைதலுமே கவனத்திற்குரியவை. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நாம், காலை உணவையும் நாள்தோறும் தள்ளிப்போட்டால் இடைவெளி மிக நீளும்.

கல் இருப்பதாக அறிந்தவர், தசலட்சண பருவத்தில் தொடர் நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்து கொள்க. பாரணையன்று நெய்ப்பண்டங்களைத் தவிர்த்துக் கஞ்சி போன்ற எளிய உணவு கொள்க. குறைவாக உண்ணலும், சுவை துறத்தலும் நம் நூல்கள் கூறும் தவங்களே. உடலுக்கு ஏற்றதைத் தேர்வது அறத்திற்கு இழுக்கன்று.

அறிகுறிகள்

கல்லுடையோர் பெரும்பாலோர்க்கு வலியே இராது. அவர்க்குப் பொதுவாக அறுவை வேண்டியதில்லை. வலி தோன்றினால், நெய் மிகுந்த காஞ்சிபுரம் இட்லி போன்ற உணவுக்குப்பின் வலப்புற மேல்வயிற்றிலோ நடுவயிற்றிலோ எழுந்து, வலத் தோள்பட்டைக்குப் பரவும். இதனை 'வாயு' என்று கருதிச் சுக்குக் கஷாயத்தோடு காலம் கடத்துதல் தகாது. ஸ்கேன் பரிசோதனையால் கல்லை எளிதில் அறியலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்க.

குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், பல மணிநேரம் நீங்காத வலி, இடைவிடாத வாந்தி: இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடுவது நம் வழக்கம். பித்தக் குழாயைக் கல் அடைத்ததால் வந்த காமாலையைக் கீழாநெல்லி தீர்க்காது. தாமதித்தால் குழாயில் கிருமித்தொற்றும், கணையத்தில் அழற்சியும் ஏற்பட்டு உயிருக்கே இடராகலாம்.

மருத்துவம்

பித்தப்பையை அகற்றும் அறுவையை 1882இல் பெர்லினில் லாங்கன்புக் முதலில் செய்தார். சிறு துளைகள் வழியே செய்யும் முறையை 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் தொடங்கி வைத்தார். பை நீங்கினாலும் பித்தம் நேரே குடலுக்குச் செல்வதால் இயல்பாக வாழலாம்.

சில கொலஸ்டிரால் கற்களைக் கரைக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் தரப்படுகின்றது. அது பெரும்பாலும் கால்நடைகளின் பித்தத்திலிருந்து செய்யப்படுவது. அகிம்சை நோக்கில் தயங்குவோர் தாமாக மருந்தை நிறுத்தாது, வேறு வழி உண்டா என மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க.

இல்லத்தில் கேட்டறிய வினாக்கள்

1. உண்ணாதபோது பித்தம் தேங்குவது ஏன்?
2. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள் யாவை?
3. கீழாநெல்லியால் தீராத காமாலை எது?

பெரியோர் வினவ, சிறுவர் விடை கூறட்டும். அறிந்து நோற்போம், நலம் பெறுவோம்.