குதிரையும் காயப்பட்ட மனமும்



இம்முறை பாடத்துக்குக் குதிரையை எடுத்துக்கொண்டதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். எங்களில் மாடு வளர்த்தவர் உண்டு, எருமைப் பட்டி வைத்திருந்தவர் உண்டு, ஆடு கோழி இல்லாத வளவைக் காண்பது அரிது. குதிரையையோ, நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கு கட்டாக்காலியாக மேய்வதைத் தூரத்தில் கண்டதோடு சரி. ஆயினும், ஒரு மிருகத்தைப் பராமரிப்பதற்கும் மனம் தேறுவதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பொறுமையாக ஆராய்ந்து பார்த்த இடங்களில் குதிரை லயமும் ஒன்று. அங்கே கண்டவற்றில் எங்களுக்கு உதவுபவையும் உண்டு, உதவாதவையும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

மிருகத்தை மனநோயாளரின் அருகே விடுவது புதிய யோசனை அல்ல. மனநோயாளரைச் சங்கிலியால் கட்டி வைத்த காலத்தில், 1796ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் யோர்க் நகரில் குவேக்கர் சபையினர் ஓர் இல்லத்தைத் திறந்தார்கள். அதன் முற்றங்களில் முயல், கோழி முதலியவற்றை விட்டு, நோயாளர் அவற்றோடு பழக இடமளித்தார்கள். குதிரையின் பக்கம் உலகத்தின் கண் திரும்பியது பின்னர்தான். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்ணுக்கு 1944இல் இளம்பிள்ளைவாதம் கண்டது. முழங்காலுக்குக் கீழே உணர்விழந்த அவரைப் பிறர் தூக்கித்தான் குதிரையில் இருத்த வேண்டியிருந்தது. அவர் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் குதிரையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1969 அளவில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊனமுற்றோரின் குதிரையேற்றத்துக்கெனச் சங்கங்கள் அமைந்துவிட்டன. அது பெரும்பாலும் உடலுக்கான பயிற்சி. நாங்கள் இங்கு பேசப்போவது மனத்தைப் பற்றி.

ஏறிச் சவாரி செய்வதல்ல

நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து மனநல வைத்தியர்கள் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியானது. மனவடு நோயால் அவதியுற்ற முன்னாள் படையினர் 63 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் 23 பேர் பெண்கள். படையினரைப் பற்றிய ஆய்வு எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இரவில் உறக்கம் வராததும், வெடிச்சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பதும், பிள்ளைகளோடு கதைக்க மனம் வராததும் சீருடை பார்த்து வருவதில்லை.

வாரம் ஒரு முறை, ஒன்றரை மணித்தியாலம், எட்டு வாரம். சிறு சிறு குழுக்கள். மனநலம் அறிந்த ஒருவரும் குதிரையை அறிந்த ஒருவரும் கூடவே நிற்பார்கள். யாரும் குதிரையில் ஏறவில்லை. முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு அருகே போய்த் தடவினார்கள், தூரிகையால் உடம்பைத் தேய்த்தார்கள், கயிற்றைப் பிடித்து நடத்தினார்கள். ஆரம்பத்தில் பயந்து நின்றவர்கள் போகப்போகத் தனியே ஒரு குதிரையை அழைத்துச் செல்லும் அளவுக்கு வந்தார்கள்.

எட்டு வாரம் முடிந்தபோது 32 பேருக்கு, அதாவது பாதிப் பேருக்குச் சற்று மேல், நோயின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குணம் நின்றது. என்னைக் கவர்ந்தது வேறொரு கணக்கு: இடையில் விட்டுப்போனவர்கள் 5 பேர் மட்டுமே. மனவடு நோயுற்றவரைச் சிகிச்சைக்குக் கூட்டிவருவதே கஷ்டம், வந்தவரை நிற்கவைப்பது அதைவிடக் கஷ்டம் என்பதை இத்துறையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

குதிரை என்ன செய்கிறது?

மந்திரம் எதுவும் இல்லை. குதிரை பிற மிருகங்களுக்கு இரையாகிய இனம். ஓடித் தப்புவதே அதன் பாதுகாப்பு. அதனால் அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்துள்ளன. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறிய இடம் தவிர, சுற்றிவரப் பார்க்கும். காதுகள் தனித்தனியே திரும்பும். கூட்டத்தில் ஒன்று விறைத்தால் மற்றவை மேய்ச்சலை நிறுத்தும். அருகில் வரும் மனிதனையும் அது அப்படித்தான் பார்க்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத்துடிப்பு கூடியது. படத்துக்கே இப்படி என்றால் ஆளுக்கு எப்படி இருக்கும்!

கையைப் பொத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நெருங்கினால் குதிரை தலையை உயர்த்தும், காதைப் பின்னே மடிக்கும், விலகிப் போகும். அவரே நின்று, மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, பக்கவாட்டில் மெல்லப் போனால் அது நிற்கும். 'பதற்றப்படாதே' என்று மனிதர் நூறு முறை சொல்லியும் விளங்காதது, குதிரை ஒரு அடி விலகும்போது விளங்கிவிடுகிறது. அதில் ஏச்சும் இல்லை, இரக்கமும் இல்லை. தன் உடம்பு பதறுவதையே அறியாதிருந்தவர் முதலில் அதை அறிகிறார், பிறகு அதை அடக்கப் பழகுகிறார். நானூறு ஐந்நூறு கிலோ நிறையுள்ள மிருகத்தை இழுத்து அசைக்க முடியாது. கயிற்றைத் தளரவிட்டு, தான் முன்னே நடந்தால்தான் அது வரும். 'என் கையில் ஒன்றும் இல்லை' என்று நினைத்திருந்த ஒருவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. குண்டுச் சத்தத்தின் நடுவே வாழ்ந்தவர் எப்போதும் காதைக் கூர்மையாக்கியபடி இருப்பார். குதிரையும் அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் சருகு சரசரத்ததும் திடுக்கிடும் குதிரை, ஆபத்தில்லை என்று கண்டதும் குனிந்து மேயத் தொடங்கிவிடும். மனவடு நோயாளியால் முடியாதது அந்தக் குனிதல்தான். அதை ஒவ்வொரு வாரமும் கிட்ட நின்று காண்பது ஒரு படிப்பு.

குதிரை கேள்வி கேட்பதும் இல்லை. எங்கே இருந்தாய், யாரை இழந்தாய் என்று விசாரித்துப் பதிவதற்கு ஆட்கள் வந்து வந்து களைத்துப்போன எங்கள் மக்களுக்கு இதன் அருமை தெரியும். உளவளத்துணையாளரும் நேராகக் கேட்பதில்லை. 'அந்தக் குதிரை ஏன் ஒதுங்கி நிற்கிறது?' என்பார். 'அதற்கு மற்றவற்றை நம்ப முடியவில்லை' என்று வரும் பதிலிலிருந்து பேச்சு தொடரலாம்.

அளவுக்கு மிஞ்சி நம்ப வேண்டாம்

இதை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் சிலர் அதுவரை வந்த 14 ஆய்வுகளைப் பரிசீலித்து, மனநோய்களுக்குக் குதிரைவழிச் சிகிச்சையைப் பரப்பப் போதிய ஆதாரம் இல்லை என்று 2014இல் எழுதினார்கள். மேலே சொன்ன கொலம்பியா ஆய்விலும் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இருக்கவில்லை. செலவும் அதிகம். பழக்கப்பட்ட குதிரையும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாவிட்டால் ஆபத்து, உதை பட்டால் எலும்பு முறியும். ஆகவே நெடுந்தீவிலிருந்து குதிரையைப் பிடித்துக்கொண்டு வரும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். அவை மனிதரைக் கண்டால் ஓடுபவை, அவற்றை ஓடவிடுவதே நல்லது.

மாடு வளர்த்தவர்களுக்கு

இதே வேலையைப் பண்ணை மிருகங்களைக் கொண்டும் பார்த்திருக்கிறார்கள். நோர்வேயில் மனநோயாளர் 90 பேரை எடுத்து, அவர்களில் 60 பேரை வாரம் இரு முறை, மூன்று மணித்தியாலம் வீதம், 12 வாரம் பண்ணைக்கு அனுப்பினார்கள். மாடுகளும் பிற மிருகங்களும் உள்ள சாதாரண பண்ணைகள். 2008இல் வந்த முடிவு கவனிக்க வேண்டியது. பண்ணைக்குப் போன காலத்துக்கு ஆறு மாதத்தின் பின்னரே, 'என்னால் இயலும்' என்ற நம்பிக்கையும் கஷ்டத்தைச் சமாளிக்கும் திறனும் கூடியிருந்தன. வாழ்க்கைத் தரத்தில் மாற்றம் காணப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அதே நாட்டில் மனச்சோர்வுற்றவர்களிடம் செய்த சிறிய ஆய்வொன்றில், மிருகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களைவிட, தீனி வைத்தல், பால் கறத்தல் என்று வேலையில் கைதேர்ந்து வந்தவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

இதை வாசிக்கும் உங்களில் பலர், ஓடும் அவசரத்தில் கட்டையிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். இழப்பு விபரம் எழுதியபோது அது 'பசு 2, கன்று 1' என்றும் ஒரு ரூபாய்க் கணக்காகவும் பதியப்பட்டிருக்கும். காலை நான்கு மணிக்கு உங்களை எழுப்பியதும், உங்கள் குரலுக்குத் தலை திருப்பியதும், 'இது என்னால் நடக்கிறது' என்று நாளுக்கு இரு தடவை காட்டியதும் எந்தப் படிவத்திலும் ஏறாது. முகாம் வாழ்க்கைக்குப் பின் வீட்டுப் பெரியவர் திண்ணையில் வெறித்தபடி இருந்தால், சோம்பல் என்று ஏச வேண்டாம். அவருக்கு இல்லாமற் போனவற்றுள் இதுவும் ஒன்று.

ஒரு ஆட்டுக்குட்டியோ நான்கு கோழியோ கிடைத்தால், வருமானத்தை மட்டும் கணக்குப் பார்த்து இளையவர்களிடமே கொடுத்துவிடாதீர்கள். பேசாமலிருக்கும் அந்த ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். ஒரே நேரத்தில், நாள்தோறும், அவர் செய்யாவிட்டால் மிருகம் பசித்திருக்கும் என்ற வேலையாக அது இருக்கட்டும். முதலில் தண்ணீர் வைப்பது போதும். பிறகு குழை ஒடிப்பது, பிறகு குட்டி ஈனும்போது கூட இருப்பது. அவர் ஒரு நாள் தவறவிட்டால் நீங்கள் சத்தமில்லாமல் செய்துவிடுங்கள். அடுத்த நாள் மறுபடி அவரிடம் விடுங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் உறக்கமில்லாதவர், உண்ண மறுப்பவர், குடிக்கு அடிமையானவர், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோரை ஆட்டுக்குட்டியிடம் விட்டுவிட்டு இருக்கக் கூடாது. கிருமிநாசினியைப் பூட்டி வைத்து, அவரை அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு உடனே கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தினரோடு பேசலாம்.

உங்கள் மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ அடுத்த முறை கூடும்போது இந்தப் பாடத்தை வாசித்து, கீழுள்ளவற்றைப் பேசிப் பாருங்கள். இடம்பெயர்ந்த அன்று உங்கள் கால்நடைகளை என்ன செய்தீர்கள்? அவற்றில் ஒன்றின் பெயரையும் குணத்தையும் சொல்ல முடியுமா? இப்போது உங்கள் வீட்டில் யாருக்கு ஒரு மிருகத்தின் பொறுப்பைக் கொடுக்கலாம்? முதற் கேள்விக்குப் பதில் வரச் சுணங்கும். ஒருவர் சொல்லத் தொடங்கினால், முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கே பேச வேண்டாம்.