இரண்டு துளைகள்

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரேடியோ. இலங்கை வானொலியில் எந்தப் பாட்டு வந்தாலும் வீடே கேட்கும். "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று அப்பா திட்டுவார். ஆனாலும் அவருடைய பாட்டு எனக்கும், என்னுடைய பாட்டு அவருக்கும் தெரிந்திருந்தது.

1963-ல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. அவரவர் விருப்பத்துக்குக் கேட்கலானோம். 1979-ல் சோனி வாக்மேன் வந்தது. இதைக் கவனியுங்கள்! அந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு தணியும். பக்கத்தில் இருப்பவர் பேச்சு மைக் வழியாகக் கேட்கும். தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று சோனியின் அகியோ மொரிட்டா எண்ணியதே காரணம். காலப்போக்கில் பொத்தானும் போனது, இரண்டாம் துளையும் போனது.

சென்ற மாதம் என் மகனை மூன்று தரம் கூப்பிட்டேன். காதில் இயர்போன், திரும்பவில்லை. கத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அவன் என்ன கேட்கிறான் என்று நான் ஒருநாளாவது விசாரித்தேனா? பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு குடுடா" என்றேன். கழற்றித் தந்தான். பாட்டு எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அது முடிந்ததும் அவன் பேச ஆரம்பித்தான்.

பெற்றோரே, பிள்ளைகளின் பாட்டைக் குறை சொல்லுமுன் ஒருதரம் கூட உட்கார்ந்து கேளுங்கள்.